கொல்லையும் குத்தகையும்

விடிவதற்கு வெகு முன்னாலேயே அந்தக் குட்டியானை வண்டி அம்பத்தூர் உழவர் சந்தை வாசலில் வந்து நின்றுவிடுகிறது. பின்தடுப்பை இறக்கியதும் முதலில் இறங்குபவை ஈரக் கோணிகள். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் கூடை, ஒரு தூக்கு, கடைசியில் ஆயா. வண்டி ஓட்டி வந்தவர் கை நீட்டுகிறார். ஆயா அந்தக் கையைப் பிடிப்பதில்லை. வண்டிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, ஒரு காலால் தரையைத் தேடி, தட்டுப்பட்டதும் இறங்குகிறார். வயது எழுபதை நெருங்கும். சும்மாடு சுருட்டித் தலையில் வைத்து முதல் கோணியைத் தாமே ஏற்றிக்கொள்கிறார்.

"நான் எடுத்தாரேன் ஆயா."

"நீ மத்தத எடுத்தா நைனா. இது என்னுது."

உள்ளே கொட்டகையின் கீழ் சிமெண்ட் மேடை. கோணியைப் பிரித்ததும் கீரையின் பச்சை வாசனையோடு ஏரி மண்ணின் வாசனையும் எழுகிறது. சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை, புளிச்சக்கீரை, கொஞ்சம் மணத்தக்காளி. வாழைநாரால் கட்டிய கட்டுகள். வேர்ப்பக்கம் உள்ளேயும் இலைப்பக்கம் வெளியேயும் இருக்க, வட்டமாக அடுக்குகிறார். மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து ஒரு சுற்று தெளிக்கிறார். அந்த விரல்களைக் கவனித்துப் பார்க்க வேண்டும். கட்டைவிரலின் உட்புறம் கறை ஏறிக் கறுத்திருக்கிறது. எந்தச் சோப்புக்கும் போகாத கறை அது. காலம் காலமாகத் தண்டு கிள்ளியதால் வந்தது.

வெளிச்சம் வரும் முன்பே கூட்டம் வந்துவிட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டையான எஸ்டேட்டில் இரவு ஷிப்டு முடித்து, அடையாள அட்டை கழுத்தில் தொங்க வீட்டுக்குப் போகிறவர்கள். நடைப்பயிற்சிக்கு வந்த தம்பதிகள். இட்லிக் கடைக்குக் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் மொத்தமாக வாங்குகிற ஒருவர். வாசலருகே அன்றைய விலைப் பலகை. மொத்த விலையைவிடச் சுமார் 20 விழுக்காடு கூடுதலாகவும், சில்லறைக் கடை விலையைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவாகவும் இருக்கவேண்டும் என்பது அந்தப் பலகைக்குப் பின்னால் உள்ள கணக்கு. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தையை மு. கருணாநிதி திறந்துவைத்தபோது எழுந்த எண்ணம் எளிமையானது: விளைவித்தவரே விற்கட்டும், நடுவில் கமிஷன் வேண்டாம், தராசும் இடமும் அரசு தரும். 2001-இல் ஆட்சி மாறியபின் இந்தச் சந்தைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றன. ஆயாவைப் போன்றவர்கள் அந்த நடுவாண்டுகளில் தெருத்தெருவாகக் கூடை சுமந்திருப்பார்கள்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு பெண் வந்து நிற்கிறார்.

"ஆயா, கட்டு எவ்ளோ?"

"பதினஞ்சு."

"போன வாரம் பத்துக்குக் குடுத்தீங்களே."

"போன வாரம் மழ இல்லம்மா. இப்ப பாத்தியில தண்ணி நின்னு பாதி அழுவிப் போச்சி."

"மருந்து அடிச்சதா?"

ஆயா பதில் சொல்லாமல் ஒரு கட்டை எடுத்து இலையை விரித்துக் காட்டுகிறார். கடுகளவு துளைகள். "பாரு. புழு தின்னுட்டு மிச்சத்த நமக்கு வுட்டுக்குது. மருந்து அடிச்சிருந்தா தின்னுமா?"

அந்தப் பெண் துளையைப் பார்க்கிறார். தலையாட்டுகிறார். பிறகு அந்தக் கட்டை வைத்துவிட்டு, துளையில்லாத வேறொரு கட்டைத் தேடி எடுத்துக்கொள்கிறார். ஆயா முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. சில்லறை எண்ணிக் கொடுக்கிறார்.

பின்னாலேயே ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற ஒருவர் வருகிறார். அவர் எதுவும் கேட்பதில்லை. மஞ்சள் பையை விரிக்கிறார். ஆயா தாமே தேர்ந்தெடுத்துப் போடுகிறார். "கன்னு எப்படி இருக்கு?" என்கிறார் அவர். "பால் குடிக்குது. கழிச்சல் நின்னுடுச்சி" என்கிறார் ஆயா. அவ்வளவுதான் வியாபாரம். அவருக்கு ஆயாவின் கொல்லை தெரியும். மாடு எத்தனை, எரு எங்கே கிடக்கிறது, கிணற்றில் தண்ணீர் எந்த மட்டில் நிற்கிறது என்பதெல்லாம் தெரியும். சான்றிதழ் எதுவும் சொல்லாததை அவர் ஒரு கன்றுக்குட்டியின் வயிற்றுப்போக்கிலிருந்து தெரிந்துகொள்கிறார். இந்த அறிவுக்குத்தான் நான் அந்தச் சந்தையில் மிகப் பெரிய மதிப்புக் கொடுப்பேன்.

கீரையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அரிசி ஆறு மாதம் மூட்டையில் தூங்கும். வெங்காயம் நாசிக்கிலிருந்து லாரியேறி வரும். கீரை அப்படியல்ல, காலையில் பறித்தது மாலைக்குள் துவண்டுவிடும். ஆகவே ஒரு நகரம் எவ்வளவு தூரத்திலிருந்து சாப்பிடுகிறது என்பதைக் கீரைதான் உண்மையாகச் சொல்லும். இன்னொன்று: சிறுகீரையும் முளைக்கீரையும் மூன்று, நான்கு வாரத்தில் அறுவடைக்கு வருபவை. இருபதாம் நாளில் புழு தெரிந்து மருந்து அடித்தால், அதன் வீரியம் தணியக் காத்திருக்க நாள் எங்கே இருக்கிறது? அடித்த கை ஈரம் காயுமுன்பே அறுத்துக் கட்டவேண்டியிருக்கும். நெல்லில் அடித்த மருந்துக்கு உமியும் தவிடும் இடையில் நிற்கின்றன. கீரைக்கு நடுவில் எதுவும் கிடையாது. நஞ்சில்லாமல் ஒரே ஒரு பொருளைத்தான் வாங்க முடியும் என்று ஒரு குடும்பத்துக்கு நிலை வந்தால், அது கீரையாக இருக்கட்டும் என்பேன்.

துளை விழுந்த இலை மட்டும் போதுமான அத்தாட்சியாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மருந்து படாத கீரை, கழிவுநீர் குடித்து வளர்ந்திருக்கலாம். இந்த மேற்குப் புறநகரில் இது வெறும் அச்சமல்ல. அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் ஒரு காலத்தில் மதகு திறந்து வயலுக்குப் பாய்ச்சியவை; பிறகு வீட்டுச் சாக்கடையும் எஸ்டேட் கழிவும் வந்து விழும் இடங்களாயின. கொரட்டூரில் ஊர்மக்களே ஏரியைக் காக்க இயக்கம் அமைத்து, பசுமைத் தீர்ப்பாயம் வரை போக நேர்ந்தது. திருவேற்காடு, பருத்திப்பட்டு வழியாக வரும் கூவம், பட்டணத்துக்குள் நுழையும் முன்பே களைத்துவிடுகிறது. நல்ல கீரைக்கு நல்ல எரு போதாது, நல்ல தண்ணீர் வேண்டும். உரக்கடைக்குப் போகாமல் இருப்பதோடு இயற்கை விவசாயம் முடிந்துவிடுவதில்லை. அது ஊர் ஏரியில் யார் எதைக் கலக்கிறார்கள் என்பதில் போய் நிற்கிறது.

சந்தை வாசலில் ஆயாவை இறக்கிவிட்ட வண்டிக்காரர் உள்ளே கடை போடுவதில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். எஸ்டேட்டில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர் என்பது அவருடைய பேச்சிலிருந்து தெரிகிறது; இடது கைச் சுண்டுவிரலின் நுனி இல்லை. இப்போது ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார். குத்தகைக்கு எழுத்து எதுவும் இல்லாததால், சந்தைக்கான உழவர் அட்டை கேட்டு அவர் போகவே இல்லை. தம்முடைய வெண்டை, கத்தரி, புடலை, கீரையை எடுத்துக்கொண்டு ஞாயிறுதோறும் திருமுல்லைவாயில் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் மடக்கு மேசை போடுகிறார்.

அங்கே பேச்சு வேறு மாதிரி. மேசையின் ஒரு பக்கம் அவர் காய்கள். மறுபக்கம், வேறு விவசாயிகளிடமிருந்து வாங்கி வந்த அரிசி: மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி, பூங்கார், ஆற்காடு கிச்சிலி. பாரம்பரிய நெல்லைத் தேடித் திரட்டி, விதைக்கு விதை என்று ஊர் ஊராகப் பரப்பிய நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்தார். அவருடைய உழைப்பின் ஒரு துளியாவது இந்த மடக்கு மேசை வரை வந்திருக்கிறது. குடியிருப்புக்காரர்கள் அக்கறையோடு கேட்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு எது நல்லது, எத்தனை மணி நேரம் ஊறவைக்க வேண்டும், குழந்தை சாப்பிடுமா. அவர் பொறுமையாகச் சொல்கிறார். அரிசிப் பை நன்றாக விற்கிறது. புடலங்காய் வளைந்திருக்கிறது என்று இருவர் திருப்பி வைக்கிறார்கள்.

ஓர் அம்மாள் கேட்டார்: "சர்டிபிகேட் இருக்காப்பா?"

"இல்லக்கா. நெலம் என்னுது இல்ல. ஒரு நாள் வந்து பாருங்க, கூட்டிப் போறேன்."

"எங்க?"

"வெள்ளவேடு தாண்டி."

"ஐயோ, அவ்ளோ தூரமா?"

காவிரிப் படுகையிலிருந்து வந்த அரிசியை அந்தக் கை தயங்காமல் எடுத்துக்கொண்டது. பூந்தமல்லிக்கு அப்பால் உள்ள நிலம் அதற்குத் தூரமாகப் பட்டது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. தொலைவிலிருந்து வருவதைச் சீட்டை நம்பி வாங்கவும், அருகில் இருப்பதை நேரில் பார்க்காமல் இருக்கவும் இந்த நகரம் நம் எல்லோரையும் பழக்கியிருக்கிறது.

அந்த நிலத்துக்குப் போகும் வழி முழுக்கக் கட்டுமானம். மெட்ரோ தூண்கள் பூந்தமல்லி வரை வந்துவிட்டன. பெங்களூர் சாலையில் திருமழிசை கடந்தால் குத்தம்பாக்கம். இந்த ஊரின் பெயரை இப்போது பலரும் புதிய பேருந்து நிலையத்தோடு சேர்த்துத்தான் கேட்டிருப்பார்கள். இதற்கு வேறொரு வரலாறு உண்டு. வேதிப் பொறியியல் படித்து, ஆய்வு நிறுவன வேலையை விட்டுவிட்டு வந்த இளங்கோ 1996-இல் இங்கே ஊராட்சித் தலைவரானார். பத்தாண்டு அந்தப் பொறுப்பில் இருந்தார். குடிசைகள் வீடுகளாயின. சாதி கலந்து சுவர் பகிரும் இரட்டை வீடுகள் கட்டப்பட்டன. இதையெல்லாம்விட முக்கியமாக எனக்குத் தோன்றுவது அவர் கேட்ட கேள்வி: நம் ஊர் சாப்பிடுவதில் எவ்வளவை நாமே விளைவித்து, நாமே ஆட்டி, நாமே அரைத்துக்கொள்ள முடியும்? எண்ணெயும் பருப்பும் அரிசியும் பத்திருபது ஊர்களுக்குள்ளேயே சுற்றினால் பணமும் அங்கேயே சுற்றாதா? தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா 1945-இல் வெளியிட்ட நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில் வாதாடியதன் நேர்வாரிசுதான் இந்தக் கேள்வி. அதே ஊரின் மேய்ச்சல் நிலத்தில் நகரத்தின் குப்பையைக் கொண்டுவந்து கொட்டத் திட்டம் வந்தபோது ஊர் எதிர்த்து நின்றது. அங்கிருந்து வடியும் நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்கு, அதாவது சென்னையின் குடத்துக்குத்தான் போகும் என்று சொல்லிப் போராடியது. நகரம் கிராமத்திடம் கீரை கேட்கிறது, குப்பை கொடுக்கப் பார்க்கிறது. இது நியாயமில்லை என்று உரக்கச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இந்த வட்டாரம் எவ்வளவு தேவை என்பதை நகரம் ஒரு முறை கண்ணால் பார்த்தது. 2020 மே மாதம் கொரோனா பரவியதால் கோயம்பேடு மொத்தச் சந்தை மூடப்பட்டது. 1996-இலிருந்து சென்னையின் காய்கறி பெரும்பாலும் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் நுழைந்து வந்தது. வாசல் சாத்தப்பட்டதும் திருமழிசையில் தகரக் கொட்டகை போட்டுத் தற்காலிகச் சந்தை திறந்தார்கள். மழை பெய்தபோது லாரிகளின் சக்கரம் சேற்றில் புதைந்தது, தக்காளிக் கூடைகள் தண்ணீரில் நின்றன. செப்டம்பர் இறுதியில் கோயம்பேடு மறுபடி திறந்ததும் கொட்டகை காலியானது. அந்த மாதங்களில் அம்பத்தூர், ஆவடித் தெருக்களில் வண்டி தள்ளி வந்தவர்களில் பலர் சுற்றுப்புற ஊர்க்காரர்கள். பத்து, பதினைந்து கிலோமீட்டரில் நிலம் இருந்ததால் வந்தார்கள். அப்போது வாங்கிய கீரைக்கு வாசல் எதுவும் தேவைப்படவில்லை.

நேமம் ஏரிப் பக்கம் வண்டி மண்பாதையில் திரும்புகிறது. சாலையோரம் இரண்டு பக்கமும் வெள்ளை அடித்த எல்லைக்கற்கள், காற்றில் படபடக்கும் வண்ணக் கொடிகள், 'அனுமதி பெற்ற மனைப்பிரிவு' என்று ஆளுயரப் பலகை. அதற்கப்பால் ஒரு பச்சைத் துண்டு. அதுதான் ஒன்றரை ஏக்கர். பக்கத்திலேயே ஆயாவின் சொந்த அரை ஏக்கர், மாட்டுக்கொட்டகை, எருக்குழி.

பம்புசெட் தொட்டிச் சுவரில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் தெரியும். வேப்ப நிழலில் நீல டிரம். அதில் ஜீவாமிர்தம்: பத்து கிலோ சாணம், பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு பிடி, இருநூறு லிட்டர் தண்ணீர். ஏக்கருக்கு இந்த அளவு என்று, இயற்கை விவசாயத்தைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கர் சொன்ன கணக்கு. இரண்டு நாள் நிழலில் புளிக்கவேண்டும். வண்டிக்காரர் கோல் விட்டு வலமாகச் சுற்றிக் கலக்குகிறார். கைபேசி தொட்டி மேல் கிடக்கிறது. அதில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பேசிக்கொண்டிருக்கிறார். மனிதர் மறைந்து பத்தாண்டுக்கு மேலாகியும், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து வேலையை உதறிவிட்டு வந்த அந்தக் கிழவரின் குரல் களைக்கொட்டு பிடித்தவர்களின் பக்கத்திலேயே இருக்கிறது. ஆயா அங்கிருந்து கூப்பிடுகிறார்: "அந்தத் தாடிக்காரரு சத்தத்த கொஞ்சம் கூட்டி வெய்யி நைனா, கேக்கல."

மேல்வரப்பில் இருக்கும் பாத்திகளில் மண் கறுத்துப் பொலபொலவென்று இருக்கிறது. வண்டிக்காரர் முதலில் எடுத்த பகுதி அது. கீழ்ப்பக்கம் இன்னும் வெளுத்து, இறுகி, வெடித்துக் கிடக்கிறது. வருஷக்கணக்கில் யூரியா வாங்கிய மண் ஒரே போகத்தில் திரும்பாது. அரசுச் சான்றிதழ் விதிகளும் இதை ஒப்புக்கொள்கின்றன: ஆண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டு, பல்லாண்டுப் பயிர்களுக்கு மூன்று ஆண்டு மாறுகாலம். அந்தக் காலம் முழுக்க விளைச்சல் குறையும், கூடுதல் விலையும் கிடைக்காது. ஆனால் இங்கே குத்தகை வருஷத்துக்கு வருஷம் வாய்வார்த்தையில் போகிறது. நிலக்காரர் மனை விலைக்குக் காத்திருக்கிறார். மண்ணுக்கு இரண்டு, மூன்று வருஷம் தேவை. மனிதருக்குக் கிடைப்பதோ ஒரு தை முதல் மறு தை வரை. இயற்கை விவசாயம் சென்னை ஓரத்தில் ஏன் வேர்பிடிக்கவில்லை என்று ஆராய்பவர்கள் உழவரின் அறியாமையைத் தேடுகிறார்கள். எனக்குத் தெரிந்து அறிவில் குறைவில்லை. கையில் இருக்கும் காலத்தில்தான் குறை.

1955 ஜனவரியில் பக்கத்து ஆவடியில்தான் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டு குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி சென்னை மாநிலத்தில் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் அந்தச் சட்டத்துக்கு அஞ்சியே நிலக்காரர்கள் இன்று எழுத்தில் எதையும் கொடுப்பதில்லை. தமிழ்நாடு அரசு 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. அந்தக் கொள்கை இந்த ஒன்றரை ஏக்கருக்கு வந்து சேரவேண்டுமானால் ஐந்தாண்டுக்கு ஒரு காகிதம் வேண்டும். நிலக்காரரின் உரிமைக்கு அச்சமில்லாத, உழுபவரின் கைக்கு உறுதியான ஒரு காகிதம். ஏரிக்கு அடியில் இருக்கும் மிச்ச நஞ்சையை மனையாக்க விடாத ஒரு வரைபடம். இவை இரண்டும் இல்லாமல் கண்காட்சியும் பயிற்சி முகாமும் நடத்திப் பயனில்லை.

பத்து மணிக்கு மேல் நிலக்காரர் காரில் வந்தார். அண்ணா நகர்க்காரர், மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்து வந்தார். ஆயா மோர் கொடுத்தார். குடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"தை வரைக்கும் ஓட்டிக்கப்பா. அப்புறம் ஒரு பார்ட்டி பேசிட்டிருக்காங்க. உறுதி இல்ல. ஆனா சொல்லிடறேன்."

"சரிங்கண்ணா."

கீழ்ப்பாத்தியில் முழங்கால் உயரம் தக்கைப்பூண்டு நின்றது. நிலக்காரர் அதைக் காட்டிக் கேட்டார்.

"இது என்ன கீரை?"

"கீரை இல்லண்ணா. மண்ணுக்குப் போட்டது. பூ வர்ற நேரத்துல மடக்கி உழுதுடுவேன்."

"விக்காதா?"

"விக்காது."

"நாப்பது, நாப்பத்தஞ்சு நாள் சும்மா போகுதே. தைக்குள்ள உனக்கு என்ன கிடைக்கும்?"

"ஒரு போகம் கீரை எடுத்துக்குவேண்ணா."

"அதுக்கப்புறம்?"

வண்டிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டார். பக்கத்தில் ஆயா மோர்ச் சொம்பை அலம்பிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"அதுக்கப்புறம் யாரு கையில இருந்தாலும் மண்ணு நல்லா இருக்கும்ண்ணா" என்றார் அவர். "அந்தக் கடைசி ரெண்டு பாத்தி இன்னும் பாக்கி. வெத வந்துடுச்சி, இன்னிக்கு வெதச்சிடறேன். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமா நின்னுக்கோங்க, தண்ணி தெறந்து வுடணும்."